உலர் நாய்த்தீனி ஆலைக்கு ஃப்ளோசார்ட் வரைவது எப்படி?

உலர் நாய்த்தீனி தயாரிக்கும் சிறு ஆலை தொடங்க நினைப்பவர்கள் முதலில் விலை கேட்பது எக்ஸ்ட்ரூடருக்குத்தான்: மாவை வேகவைத்து அழுத்தித் துளை வழியே பிதுக்கும் மெஷின் அது. மெஷின் வந்து இறங்கிய பிறகுதான் சிக்கல்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். டிரையர் ஈடுகொடுக்காது. பேக்கிங் மேசையில் சரக்கு குவியும். சலித்தெடுத்த தூளை எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியாது. பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு தாளில் ஒழுங்காக ஃப்ளோசார்ட் (சரக்கின் ஓட்டத்தைப் பெட்டியும் அம்புமாகக் காட்டும் படம்) வரைந்திருந்தால் இவை எல்லாமே அப்போதே கண்ணில் பட்டிருக்கும். ஏற்கெனவே ஓடும் ஆலைக்கும் இது பொருந்தும். கழிவு எங்கே போகிறது, நேரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது.

மணிக்கு 500 கிலோ கலவை ஓடுகிற, பாய்லர் வைத்த ஆலையை மனதில் கொண்டு இதை எழுதுகிறோம். மூலப்பொருள்கள் நம் ஊரில் கிடைப்பவை: மக்காச்சோளம், குருணை, தவிடு, சோயாப் புண்ணாக்கு, கோழித்தூள், கோழிக்கொழுப்பு, வைட்டமின் தாது பிரீமிக்ஸ் (முன்கலவை). உங்கள் எண்கள் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

ஆலைச் சுவர்களில் தொங்கும் படங்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழே ஒரே கோடாக இறங்கும். உண்மையான ஆலையில் சரக்கு அப்படி ஓடுவதில்லை. உடைசல் திரும்பி வரும், மெஷின் தொடங்கும்போது வரும் சரக்கு ஒதுங்கும், கிழிந்த பை மறுபடி கொட்டப்படும். தரப் புகார்களைப் பின்தொடர்ந்து போனால் பல நேரம் இப்படிப் படத்தில் இல்லாத அம்புகளில்தான் போய் நிற்போம். அதனால் திரும்பி வரும் சரக்கையும், காத்திருக்கும் சரக்கையும், ஒவ்வொரு அம்பின் மேலும் எழுத வேண்டிய எண்ணையும் விட்டுவிட்டு வரையாதீர்கள்.

எந்தெந்த வடிவங்கள் போதும்

ஆறு வடிவங்கள் போதும். நீள்வட்டம் என்றால் தொடக்கமும் முடிவும். செவ்வகம் என்றால் ஒரு வேலை. சாய்சதுரம் என்றால் ஒரு முடிவு, அதிலிருந்து ஆம், இல்லை என்று இரண்டு வழி பிரியும். இணைகரம் என்றால் உள்ளே வருவது அல்லது வெளியே போவது: நீர், நீராவி, கொழுப்பு, கழிவு. இந்த நான்கும் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குப் பழக்கமானவை. மீதி இரண்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சேமிப்புக்குத் தலைகீழ் முக்கோணம், காத்திருப்புக்கு ஆங்கில டி எழுத்தின் வடிவம்.

ஃபிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் 1921-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முன்வைத்த செயல்முறைப் படத்திலிருந்து வளர்ந்த மரபு அது. தொழிற்சாலைக்காகவே உருவானதால் சரக்கு சும்மா கிடக்கும் நேரத்துக்கும் அதில் இடம் உண்டு. தீனி ஆலையில் ஈரமான சரக்கு சும்மா கிடந்தால் புளிக்கும், காய்ந்த சரக்கு சும்மா கிடந்தால் ஈரம் ஏறும். ஆகவே அந்த டி வடிவம் கட்டாயம் வேண்டும்.

முதல் படம்: பெட்டிகள் மட்டும்

சாஃப்ட்வேரைத் திறக்க வேண்டாம். ஒட்டும் சிறு தாள்களை வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். இடம் மாற்றுவது சுலபம், பாய்லர் பார்ப்பவர் முதல் பை தைப்பவர் வரை எல்லாரும் கைவைக்கலாம். தாளுக்கு ஒரே ஒரு வேலை. வரிசை ஏறக்குறைய இப்படி வரும்:

1. மூலப்பொருள் இறக்குதல், மாதிரி எடுத்தல்
2. கிடங்கு
3. காந்தம், கல் நீக்கும் சல்லடை
4. ஹாமர் மில்லில் அரைத்தல்
5. எடை போடுதல்
6. மிக்ஸர்
7. ப்ரீகண்டிஷனர்: நீராவியும் நீரும் சேரும் இடம்
8. எக்ஸ்ட்ரூடர், டை (மாவு வெளியே வரும் துளைத்தட்டு), கத்தி
9. டிரையர்
10. கோட்டிங் டிரம்: கொழுப்பு, சுவையூட்டி
11. கூலர்
12. சலித்தல்
13. மெட்டல் டிடெக்டர்
14. எடை போட்டுப் பையில் நிரப்புதல், சீல் வைத்தல்
15. இருப்பு, அனுப்புதல்

வரிசை முடிந்ததும் ஒவ்வொரு தாளையும் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்குள் என்னென்ன வருகிறது? இதிலிருந்து என்னென்ன போகிறது? இங்கே கோளாறு வந்தால் சரக்கு எங்கே போகும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தால் அங்கே ஒரு சாய்சதுரம் விட்டுப்போயிருக்கிறது.

நடந்து பார்த்துச் சரிபார்க்கவும்

கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர அமைப்பின் உணவுப் பாதுகாப்பு வழிமுறையில் 12 படிகள் உண்டு. நான்காவது படி ஃப்ளோசார்ட் வரைவது. ஐந்தாவது படி அதை ஆலைக்குள் எடுத்துப்போய் நேரில் சரிபார்ப்பது. அதைத் தனிப் படியாகவே வைத்ததற்குக் காரணம், மேசையில் வரைந்த படம் ஆலையோடு முழுக்கப் பொருந்துவது அபூர்வம்.

நடக்கும்போது பின்னாலிருந்து முன்னால் நடங்கள். பேக்கிங்கில் தொடங்கி, "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுக்கொண்டே கிடங்கு வரை போங்கள். முன்னாலிருந்து நடந்தால் தெரிந்த வரிசையையே கண் பார்க்கும். பின்னாலிருந்து வந்தால் கூலருக்குப் பக்கத்தில் மூடாமல் நிற்கும் டிரம், மிக்ஸர் ஓரத்தில் பெயர் எழுதாத இரண்டு மூட்டை என எதிர்பாராதவை தென்படும். அவை ஒவ்வொன்றும் படத்தில் ஏற வேண்டும். பகலில் ஒரு தடவை, இரவு ஷிஃப்டில் ஒரு தடவை, மெஷின் தொடங்கும்போதும் நிறுத்திக் கழுவும்போதும் தனித்தனியாக ஒரு தடவை பாருங்கள். ஆட்கள் மாறினால் ஓட்டமும் மாறும்.

பார்த்ததை அப்படியே வரையுங்கள். "இப்படிச் செய்யக்கூடாது, ஆனால் செய்கிறார்கள்" என்பதைச் சிவப்பு மையில் போடுங்கள். மறைத்தால் திருத்த வழியே இருக்காது. சொன்னவரைத் திட்டினால் அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அம்புகளின் மேல் எண்கள்

படம் உண்மையில் உதவத் தொடங்குவது இங்கேதான். ஒவ்வொரு அம்பின் மேலும் எத்தனை கிலோ, எத்தனை சதவீத ஈரம், எத்தனை டிகிரி என்று எழுத வேண்டும். கணக்கு எளிது: உலர்ந்த பொருளின் எடை மாறாது, நீர் மட்டும் ஏறி இறங்கும்.

மிக்ஸரிலிருந்து 1,000 கிலோ கலவை 10% ஈரத்தோடு வருகிறது என்று வையுங்கள். உலர்பொருள் 900 கிலோ, நீர் 100 கிலோ. எக்ஸ்ட்ரூடர் பீப்பாய்க்குள் (திருகு சுழலும் உருளைக்குள்) ஈரம் 26% இருக்க வேண்டும் என்றால் மொத்த எடை 900-ஐ 0.74-ஆல் வகுத்தால் வரும் 1,216 கிலோ. ஆக 216 கிலோ நீர் சேர வேண்டும். அதில் சுமார் 80 கிலோ நீராவியாகவும் மீதி தண்ணீராகவும் போகலாம். டையை விட்டு வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று விடுபடுவதால் கொஞ்சம் நீர் ஆவியாகப் பறந்து ஈரம் 22% அளவுக்கு இறங்கும்: 1,154 கிலோ. டிரையரில் 8% வரை காய்ந்தால் 978 கிலோ. டிரையர் விரட்ட வேண்டிய நீர் 176 கிலோ.

உங்கள் ஆலை மணிக்கு 500 கிலோ கலவை ஓட்டுகிறது என்றால் டிரையர் மணிக்கு 88 கிலோ நீரை விரட்டியாக வேண்டும். டிரையர் விற்பவர் "500 கிலோ டிரையர்" என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனை சதவீதத்துக்கு என்று கேளுங்கள். அவர் 18 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு என்று கணக்குப் போட்டிருந்தால் அதே 500 கிலோ கலவைக்கு விரட்டும் நீர் 49 கிலோ மட்டுமே. அந்த டிரையரை வாங்கினால் உங்கள் 500 கிலோ எக்ஸ்ட்ரூடர் ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் ஓடும். அம்பின் மேல் இரண்டு எண் எழுதியிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம் அது.

கோட்டிங்கில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முடிந்த சரக்கில் 6% கொழுப்பும் 2% திரவச் சுவையூட்டியும் வேண்டும் என்றால் 978 கிலோவோடு 64 கிலோ கொழுப்பும் 21 கிலோ சுவையூட்டியும் சேர்ந்து 1,063 கிலோ ஆகும். திரவச் சுவையூட்டியில் முக்கால் பங்கு நீர் என்று வைத்தால் 16 கிலோ நீர் மறுபடி உள்ளே வந்துவிட்டது. டிரையர் வாசலில் 8% இருந்தது இப்போது 8.9%. டிரையர் வாசலிலேயே 9.5% என்று விட்டிருந்தால் பைக்குள் போகும்போது 10.2% ஆகிவிடும். லேபிளில் "ஈரம் அதிகபட்சம் 10%" என்று அச்சடித்திருந்தால் டிரையர் ஆள் பார்த்து "சரி" சொன்ன சரக்கு கோட்டிங் தாண்டியதும் வரம்பு மீறிவிட்டது. எனவே டிரையரின் எல்லையை லேபிளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

பயந்துகொண்டு அதிகமாகக் காயவைப்பதும் நஷ்டம். 8 சதவீதத்துக்குப் பதில் 7 சதவீதத்துக்குக் காயவைத்தால் ஒரு டன் கலவைக்கு 10 கிலோ போல விற்கும் எடை குறைகிறது. எரிபொருளும் கூடுதல், உடைசலும் கூடுதல்.

பூஞ்சைக் கணக்குக்கு ஈர சதவீதம் மட்டும் போதாது. நீர்ச் செயல்திறன் என்கிற அளவு (பூஞ்சைக்குக் கிடைக்கும் நீர் எவ்வளவு என்று காட்டும் எண்) 0.65-க்குக் கீழே இருக்க வேண்டும். தனி மீட்டர் வாங்க முடியாவிட்டால் லாட்டுக்கு ஒரு மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

சாய்சதுரத்தில் என்ன எழுத வேண்டும்

"தரம் சரியா?" என்று மட்டும் எழுதினால் அது சாய்சதுரம் இல்லை. எதை அளக்கிறோம், எதனால் அளக்கிறோம், எல்லை என்ன, "இல்லை" என்றால் சரக்கு எங்கே போகிறது: இந்த நான்கும் இருக்க வேண்டும். ஆலையில் தவறாமல் இருக்க வேண்டிய சாய்சதுரங்களைப் பார்ப்போம்.

மூலப்பொருள் வாசல். மக்காச்சோளத்தின் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் சோளத்துக்கு இது இன்னும் முக்கியம். ஈரம் சரியாக இருந்தாலும் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருக்கலாம். அந்த நச்சு எக்ஸ்ட்ரூடர் சூட்டில் முழுக்க அழியாது, ஆகவே அதைத் தடுக்கும் இடம் இந்த வாசல் ஒன்றுதான். அமெரிக்காவில் வளர்ப்புப் பிராணி உணவுக்கு நடவடிக்கை எல்லை 20 பிபிபி (நூறு கோடியில் 20 பங்கு). அந்த எல்லை மீறிய தீனியால் 2020 டிசம்பரில் அங்கே ஏராளமான நாய்கள் இறந்தன. நச்சு மூட்டை முழுக்கப் பரவி இருக்காது. சில மணிகளில் குவிந்திருக்கும். வாசலில் இருக்கும் ஒரு மூட்டையில் ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் ஏமாந்துவிடுவோம். 100 மூட்டை வந்தால் குறைந்தது 10 மூட்டையில் குத்தூசி போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, அதிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும்.

கோழித்தூளுக்கும் புண்ணாக்குக்கும் புரதச் சான்றிதழ் மட்டும் போதாது. வழக்கமான புரதச் சோதனை நைட்ரஜனை அளந்து புரதமாகக் கணக்கிடுகிறது. 2007-ல் வட அமெரிக்காவில் வளர்ப்புப் பிராணி உணவைப் பெரிய அளவில் திரும்பப் பெற்றது இப்படித்தான்: கோதுமை குளூட்டனில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள், சோதனையில் புரதம் அதிகமாகக் காட்டியது, பூனைகளுக்கும் நாய்களுக்கும் சிறுநீரகம் போனது. யூரியா கலப்படத்துக்கும் இதே வழிதான். யூரியா சோதனை மலிவு. அதையும் சாய்சதுரத்தில் சேருங்கள்.

பிரீமிக்ஸ் எடை. டன்னுக்குச் சில கிலோதான் போகும், ஆனால் தவறினால் விளைவு பெரிது. 2019-ல் அமெரிக்காவில் பிரீமிக்ஸில் வைட்டமின் டி அளவு மீறியதால் டின் நாய் உணவுகள் திரும்பப் பெறப்பட்டன. சப்ளையர் தவறு செய்தாலும் பையில் இருப்பது உங்கள் பெயர். லாட்டுக்கு ஒரு பகுப்பாய்வுச் சான்று, இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட்ட எடை, தனி நிற டப்பா. பிரீமிக்ஸை நேராக 500 கிலோ மிக்ஸரில் கொட்டாமல் முதலில் 10 கிலோ அரைத்த குருணையோடு கலந்துகொண்டு சேர்த்தால் பரவல் சீராக இருக்கும்.

மிக்ஸர் சீர்மை. ஒரே பேட்சிலிருந்து 10 மாதிரி எடுத்து உப்பின் அளவைச் சோதியுங்கள். மாறுபாட்டுக் கெழு (திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்ற அளவு) 10 சதவீதத்துக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் நேரத்தைக் கூட்டுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள்: மிக்ஸர் அளவுக்கு மீறி நிரம்பியிருக்கிறதா, துடுப்புகள் தேய்ந்திருக்கின்றனவா.

மெட்டல் டிடெக்டர். இதன் எல்லையைவிட இது நிற்கும் இடம் முக்கியம். அலுமினிய ஃபாயில் சேர்ந்த பைக்குள் சரக்கு போய்விட்டால் சாதாரண மெட்டல் டிடெக்டர் பையைப் பார்த்தே கத்தும்; உணர்திறனைக் குறைத்தால் உள்ளே இருக்கும் கம்பியை விட்டுவிடும். ஃபாயில் பை என்றால் டிடெக்டர் நிரப்புவதற்கு முன்னால் வர வேண்டும். படத்தில் 13-ம் 14-ம் இடம் மாறினால் புதிய மெஷினே வாங்க வேண்டியிருக்கும்.

தொடக்கச் சரக்கு

எக்ஸ்ட்ரூடர் தொடங்கும் முதல் சில நிமிடங்களைக் கவனித்துப் பாருங்கள். அடைத்துக்கொள்ளாமல் இருக்க நீரைக் கூடுதலாக வைத்துத்தான் தொடங்குவார்கள். முதலில் டையிலிருந்து கஞ்சிபோல வரும், பிறகு கயிறுகயிறாக வரும், கத்தி வேகம் சேர்ந்ததும் வடிவம் வரும். வடிவம் வந்துவிட்டது என்று ஆபரேட்டர் சரிவுப் பாதையை டிரையர் பக்கம் திருப்பிவிடுவார். ஆனால் வடிவம் வரும் நேரமும் வேண்டிய சூடு வரும் நேரமும் ஒன்றாக இருக்காது. கிருமியைக் கொல்லும் படி எக்ஸ்ட்ரூடர் என்றால், சூடு எட்டாமல் போன சரக்கு வெந்த சரக்கு அல்ல.

ஆகவே இங்கே இரண்டு நிபந்தனையும் சேர்ந்த ஒரு சாய்சதுரம் வேண்டும்: ப்ரீகண்டிஷனர் வாசலிலும் பீப்பாய் முனையிலும் உங்கள் கலவைக்கு ஆய்வகம் உறுதிசெய்த வெப்பம் எட்டியதா, வடிவமும் அடர்த்தியும் வந்ததா? இரண்டும் ஆம் என்றால்தான் டிரையருக்கு. இல்லை என்றால் ஒதுக்கும் சரக்குக்கான சிவப்புப் பெட்டிக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது வெப்பம் இறங்கினாலும் இதே வழி.

சிவப்புப் பெட்டிக்கு அப்புறம் என்ன என்பதையும் வரையுங்கள். அதில் இருப்பது கால் பங்குக்கு மேல் நீர் உள்ள சூடான மாவு. மறுநாள் வரை வைத்தால் புளித்துவிடும். அதே ஷிஃப்டில் தனியாகக் காயவைத்து, அரைத்து, வேகாத மூலப்பொருள் பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். முடியாது என்றால் எடைபோட்டு எழுதிவிட்டுத் தள்ளிவிடுங்கள்.

மின்வெட்டுக்கும் ஒரு கிளை வேண்டும். கரண்ட் போனால் பீப்பாயில் உள்ளது இறுகும், ப்ரீகண்டிஷனரில் உள்ளது ஈரத்தோடு கிடக்கும், டிரையர் படுக்கையில் உள்ளது சூட்டிலேயே கிடக்கும். டிரையர்தான் ஆபத்து: அடியில் சேர்ந்த தூள் தீப்பிடிக்கும். ஜெனரேட்டர் வந்ததும் முதலில் எது ஓட வேண்டும் என்பதைப் படத்தில் எழுதுங்கள். பர்னர் அணைந்த நிலையில் டிரையர் விசிறிதான் முதலில் ஓட வேண்டும்.

திரும்பும் அம்புகள்

சல்லடையில் விழும் தூள், உடைசல், எடை குறைந்து பிரித்த பை, டிரையரில் அதிகம் காய்ந்தது, நிறம் மாறியது. இவற்றை மறுபடி சேர்ப்பதில் தவறில்லை, கட்டுப்பாடு இருந்தால். ஒவ்வொரு திரும்பும் அம்புக்கும் எழுத வேண்டியவை: எங்கிருந்து, எங்கே, அதிகபட்சம் எத்தனை சதவீதம், எந்த லாட் எண், எத்தனை நாளுக்குள்.

கலவையில் 5 சதவீதத்துக்கு மேல் ரீவொர்க் (இப்படித் திரும்பி வரும் சரக்கு) சேர்க்காமல் இருப்பது நல்ல வழக்கம். ஏற்கெனவே வெந்த மாவுச்சத்து மறுபடி அதே அளவு பொங்காது. கொழுப்பு பூசிய உடைசல் என்றால் கூடவே கொழுப்பும் கலவைக்குள் போகிறது. பீப்பாய்க்குள் கொழுப்பு கூடக் கூட வழுக்கிக்கொண்டு போகுமே தவிர உரசிச் சூடாகாது, பொங்கலும் குறையும். 12 சதவீதத்தைத் தாண்டினால் இது நன்றாகவே தெரியும். கொழுப்பின் பெரும்பகுதியை வெளியே பூசுவதற்கே காரணம் இதுதான்.

கோழி கலந்த தூள் "கோழி இல்லாதது" என்று விற்கும் சரக்கில் போகக்கூடாது, தானியம் உள்ளது "தானியமில்லாதது" என்பதில் போகக்கூடாது. ஆகவே ரீவொர்க் டப்பாவுக்கு முன்னால் "எந்தத் தயாரிப்பிலிருந்து?" என்று ஒரு சாய்சதுரம் வேண்டும். பூசிய தூளில் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கத் தொடங்கினால் அதைக் கலக்காமல் கழிவில் சேருங்கள். தரையில் கூட்டியது எந்த நிலையிலும் திரும்பக்கூடாது. அந்த அம்பு நேராகக் கழிவுக்குப் போய் அங்கேயே முடிய வேண்டும்.

ரீவொர்க்கின் லாட் எண் புதிய பேட்ச் தாளில் ஏறவில்லை என்றால் ஒரு புகார் வரும்போது எத்தனை பேட்சைத் திரும்பப் பெறுவது என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டியதுதான்.

வேகாததும் வெந்ததும் நடுவே ஒரு கோடு

படத்தில் எக்ஸ்ட்ரூடர் பெட்டியின் குறுக்கே ஒரு தடித்த கோடு போடுங்கள். அதற்கு முன்னால் இருப்பது வேகாத பக்கம், அப்பால் இருப்பது வெந்த பக்கம். சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி கோழித்தூளோடு வரலாம் என்று எடுத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். எக்ஸ்ட்ரூடர் அதைக் கொல்லும், ஆனால் அதற்கு அப்பால் மறுபடி வந்து சேர்ந்தால் கொல்ல எதுவும் இல்லை. 2012-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஓர் ஆலையில் தயாரான உலர் நாய்த்தீனியால் மனிதர்களுக்கே சால்மொனெல்லா தொற்று வந்தது. தீனியை அள்ளிப்போடும் கை அடுத்து குழந்தைக்குச் சோறு ஊட்டும் கையாகவும் இருக்கலாம்.

சரக்கின் அம்புகளை வரைந்து முடித்ததும் வேறு நிறத்தில் ஆட்கள், காற்று, கருவிகள் மூன்றின் அம்புகளையும் வரையுங்கள். எந்த அம்பு கோட்டை வேகாத பக்கத்திலிருந்து வெந்த பக்கத்துக்குத் தாண்டுகிறதோ அங்கே வேலை இருக்கிறது. கூலர் விசிறி எங்கிருந்து காற்றை இழுக்கிறது? ஹாமர் மில் அறையிலிருந்து என்றால் கோழித்தூளின் தூசியை வெந்த சரக்கின் மேல் தெளிக்கிறோம் என்று அர்த்தம். அரைக்கும் இடத்தில் நின்றவர் அதே செருப்போடு பேக்கிங்குக்குப் போகிறாரா? ஒரே விளக்குமாறு இரண்டு பக்கமும் போகிறதா? டிரையர் புகைப்போக்கியில் நீராவி குளிர்ந்து சொட்டி மறுபடி படுக்கையில் விழுகிறதா? கொழுப்புத் தொட்டியின் மூடி திறந்தே கிடக்கிறதா?

இடம் குறைவான கொட்டகையில் சுவர் எழுப்ப முடியாது. செருப்பு, சட்டை, விளக்குமாறு மூன்றையும் இரண்டு நிறத்தில் பிரித்து, கூலரின் காற்று வாயை வெளிப்புறச் சுவருக்கு மாற்றி வடிகட்டி போடுங்கள். இதற்கே முதல் செலவைச் செய்யலாம்.

வேகத் தடை எங்கே?

இப்போது ஒவ்வொரு செவ்வகத்துக்கும் கீழே அது ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கிலோ முடிக்கும் என்று எழுதுங்கள். கம்பெனிப் புத்தகத்தில் உள்ளதை எழுதாமல் கடிகாரம் வைத்து அளந்ததை எழுதுங்கள்.

500 கிலோ மிக்ஸர் நிரப்ப, கலக்க, இறக்க மொத்தம் 12 நிமிடம் எடுத்தால் மணிக்கு 2,500 கிலோ. அங்கே தடை இல்லை. எக்ஸ்ட்ரூடர் 500 கிலோ கலவை, அது முடிவில் சுமார் 530 கிலோ சரக்கு. பேக்கிங்கில் ஒரு கிலோ பை நிமிடத்துக்கு 6 என்றால் மணிக்கு 360 கிலோ. மணிக்கு 170 கிலோ எங்கோ குவிந்தே ஆக வேண்டும். எங்கே? திறந்த கிரேட்டுகளில், கூலருக்குப் பக்கத்தில். மழைக்காலத்தில் அது ஈரம் வாங்கும், டிரையரில் செலவழித்த விறகும் கேஸும் வீண். இந்த ஆலைக்கு வேண்டியது இரண்டாவது சீல் மெஷின் அல்லது மூடிய ஒரு தொட்டி. பெரிய எக்ஸ்ட்ரூடர் வாங்கினால் குவியல்தான் பெரிதாகும்.

டி வடிவம் போட்ட இடங்களில் சரக்கு எத்தனை நிமிடம் காத்திருக்கிறது என்றும் எழுதுங்கள். கூலருக்கும் பைக்கும் நடுவே சூடு சரியாக இறங்கவில்லை என்றால் தனிக் கோளாறு: அறை வெப்பத்தைவிட 5 முதல் 8 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சீல் வைத்தால் பைக்குள் வியர்க்கும், ஒரு மாதத்தில் பையின் ஓரத்தில் பூஞ்சை தெரியும்.

ஒரு கோளாறுக்கு மட்டும் தனிப் படம்

முழு ஆலைப் படத்தில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். அடிக்கடி வரும் கோளாறுக்குத் தனித்தாளில் ஒரு கிளைப்படம் போட்டு அந்த மெஷின் பக்கத்திலேயே ஒட்டுங்கள். கிபிள் (உலர் தீனியின் துண்டுகள்) சரியாகப் பொங்காமல் கனமாக வருவதை எடுத்துக்கொள்வோம்.

ஒரு லிட்டர் குவளையும் ஒரு தராசும் போதும். டை வாசலில் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை குவளையை நிரப்பி, மேலே ஸ்கேலால் வழித்துவிட்டு எடை போடுங்கள். குலுக்கி நிரப்பினால் எண் மாறும், எல்லாரும் ஒரே மாதிரி நிரப்ப வேண்டும். டிரையரில் காய்ந்து வந்ததையும் இதே குவளையில் போடுங்கள். காய்ந்த சரக்குக்கு 350 முதல் 400 கிராம் வரை இலக்கு வைத்திருக்கிறோம் என்று வைத்தால், தாண்டும்போது ஆபரேட்டர் கேட்க வேண்டிய வரிசை இது. நீராவி அழுத்தம் இறங்கியதா? ஆம் என்றால் பாய்லருக்குப் போங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். இல்லை என்றால், நீர் அளவு கூடியதா? இல்லை என்றால், ரீவொர்க்கோ தவிடோ மாறி கலவையில் கொழுப்பு கூடியதா? இல்லை என்றால், அரைப்பு பெரிதாகிவிட்டதா? ஹாமர் மில் சல்லடை கிழிந்திருக்கும். மாவுத் துகள் டை துளையின் மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது, இருந்தால் துளை அடைத்துக்கொள்ளும். இதுவும் இல்லை என்றால், திருகும் பீப்பாய் உறையும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும், அது மெக்கானிக் வேலை.

சுலபமாகப் பார்க்கக்கூடியது முதலில், கழற்ற வேண்டியது கடைசியில். இந்த வரிசை இல்லாவிட்டால் ஆபரேட்டர் நீர், வேகம், நீராவி மூன்றையும் ஒரே நேரத்தில் திருகுவார், எது சரிசெய்தது என்றே தெரியாது.

டிரையருக்கும் இதுபோல ஒரு படம் போடலாம். படுக்கையின் இடது, நடு, வலது என மூன்று இடத்தில், மூன்று தடவையாக ஒன்பது மாதிரி எடுங்கள். சராசரி 8% என்று வந்து ஒரு மூலையில் 11% இருந்தால் அந்த மூலையின் கிபிள்தான் பையில் பூஞ்சை பிடிக்கும். சராசரி அதைக் காட்டாது. படுக்கை ஒரு பக்கம் உயரமாக விழுகிறதா என்று முதலில் பாருங்கள், வெப்பத்தைத் திருகுவது பிறகு.

எப்போது திருத்தி வரைய வேண்டும்

படத்தின் மூலையில் பதிப்பு எண், தேதி, நடந்து சரிபார்த்தவர் கையெழுத்து மூன்றும் இருக்கட்டும். புதிய மூலப்பொருள், புதிய சப்ளையர், மெஷின் இடமாற்றம், பை மாற்றம், புதிய ரீவொர்க் வழி, ஒரு தரப் புகார்: இவற்றில் எது நடந்தாலும் படத்தைத் திறக்க வேண்டும். எதுவுமே நடக்காவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை மழைக்காலத்திலும் ஒரு தடவை கோடையிலும் நடந்து பாருங்கள். ஈரக் கணக்கு இரண்டிலும் ஒன்றாக இருக்காது.

திருத்தும்போது ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அந்த அம்பின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சுவரில் புதிய பதிப்பை ஒட்டும்போதே பழையதைக் கிழித்தெடுத்து ஒரு பிரதியைக் கோப்பில் போடுங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய லாட் பற்றிப் புகார் வந்தால் அன்றைக்கு ஆலை எப்படி ஓடியது என்று காட்ட அந்தப் பிரதி வேண்டும்.